நாற்பதைத் தாண்டி உடற்பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு: செட்டிநாட்டுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

நடக்கத் தொடங்கி மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது குறையும். உடம்பு லேசாகத் தெரியும். "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கத் தோன்றும். அதற்கடுத்த வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்ததுபோல் சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலான வாக்கிங் அந்த இடத்திலேயே நின்றுபோகிறது.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதுப் பழக்கத்துக்கு ஈடுகொடுத்துவிடும். தசைநாண், எலும்பு, பாதத்தின் அடிச்சவ்வு ஆகியவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று கால் தாங்காத தூரத்தை நடப்பதுதான் தொடக்கக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். கீழே சொல்லியிருக்கும் நிமிடக் கணக்குகள் உங்களுக்குக் குறைவாகப் படலாம். குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

நடக்கத் தொடங்கும் முன்: தயாராகும் வாரம்

ஷூ வாங்குவதற்கு முன்னால் கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஒன்று பொருந்தினாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

- மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல் வருகிறது, நின்றால் அடங்குகிறது.
- தலைசுற்றி விழுந்திருக்கிறீர்கள், அல்லது நினைவு தப்பியிருக்கிறது.
- சாதாரண வேலைக்கே மூச்சு வாங்குகிறது, அல்லது மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறது.
- இதயம், சிறுநீரகம், பக்கவாதம் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்கிறது.
- சர்க்கரை இருக்கிறது, இதுவரை உடற்பயிற்சி செய்ததே இல்லை.
- நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இது கால் ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம்.

பெண்கள் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. "எனக்கு நடக்கத் தெம்பில்லை" என்று சொல்லும் பலருக்கு உண்மையில் இருப்பது ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் நடையைக் கூட்டினால் அசதிதான் கூடும்.

பிபியைச் சரியாகப் பார்ப்பது ஒரு கலை. பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்துவந்து, உட்கார்ந்ததும் கையை நீட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது. பார்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90க்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காக மெதுவான நடையை நிறுத்த வேண்டியதில்லை. 180/110ஐத் தொட்டால் அன்று பயிற்சியே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே பிபி, சுகர் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பணியாளர்கள் வரும்போது இந்த எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

கால் பலத்துக்கு ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆணுக்கு 14க்குக் கீழோ, பெண்ணுக்கு 12க்குக் கீழோ வந்தால் கால் பலம் வயதுக்குக் குறைவு என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் நடையைக் கூட்டுவதற்கு முன்னால், பின்னே வரும் பலப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் பயிற்சியின்போது என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை எட்டிப்பிடிக்க இவர்கள் வேகத்தைக் கூட்டக்கூடாது. மூச்சை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் சீக்கிரம் தலை சுற்றும். பிபி மாத்திரை எதுவானாலும் நடையைத் திடீரென்று நிறுத்தினால் கண் இருட்டிக்கொண்டு வரலாம்.

சர்க்கரை மாத்திரைகளில் மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு நடையால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. இவர்கள் முதல் சில வாரங்களாவது கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். 70க்குக் கீழ் இருந்தால் நடை வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250க்கு மேல் இருந்து உடம்பும் அசௌகரியமாக இருந்தாலோ, 300ஐத் தாண்டினாலோ அன்று ஓய்வெடுத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியோ பொடித்த கல்கண்டோ எப்போதும் இருக்கட்டும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது: கடலையின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மாலையில் புதிதாக நடக்கத் தொடங்கியவர்கள் அன்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது.

பாதம்

வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றப் பகுதியில், வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டுங்கள். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறதா, குதிகாலில் பிளவு இருக்கிறதா, பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்து அடியில் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை உங்கள் கால் விரல்களின் நுனியை லேசாகத் தொடச் சொல்லுங்கள். எந்த விரல் என்று சொல்லத் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு எங்கும் நடக்கக்கூடாது. கோயில் பிராகாரத்தில் வெயில் நேரத்துக் கல்லும் இதில் அடக்கம்; கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணாகிவிடும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பின்பக்கம் குதிகாலைப் பிடிக்கும் பகுதியை விரலால் அழுத்தினால் மடங்கக்கூடாது. முன்பகுதி விரல் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வேண்டாம். முழுப் பருத்திச் சாக்ஸ் வேர்வையில் ஊறித் தோலை உரசும். செயற்கை இழை கலந்தது மேல். ரப்பர் செருப்போடு வேகமாக நடப்பவர்கள் செருப்பு கழன்றுவிடாமல் விரல்களால் கவ்விக்கொண்டே நடக்கிறார்கள். கெண்டைக்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

புடவையோடு நடப்பவர்கள் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். கண்டாங்கி அழகுதான், ஆனால் அந்தக் கனத்த நெசவு வேர்வையில் நனைந்தால் நடையை இழுக்கும். மெல்லிய பருத்தியோ சுடிதாரோ வசதி.

எங்கே, எப்போது

ஊருணிக் கரை நடப்பதற்கு அருமையான இடம், சமதளமாக இருந்தால். சரளை பரவிய சரிவில் இறங்கும்போதுதான் கால் வழுக்கும். ஒரு பக்கம் சாய்ந்த கரையில் ஒரே திசையில் சுற்றினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் நோகும். பாதிச் சுற்றுகளைத் திசை மாற்றி நடங்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 8 கிலோமீட்டர் உங்கள் முதல் மாதத்துக்கு உரியதல்ல. அதே பாதையில் 5 நிமிடம் போய் 5 நிமிடம் திரும்பி வந்தால் போதும்.

சாலையில் நடப்பதானால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரம் நடங்கள், விடியுமுன் வெளிர் நிறச் சட்டையும் ஒரு டார்ச்சும் வேண்டும். நாய் துரத்தினால் ஓட வேண்டாம். நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குத் தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களுக்குப் பழைய வீடு ஒரு வரம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராகப் போகும் வீட்டில் ஒரு தடவை போய்வந்தாலே நல்ல தூரம் வரும். வளவைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்திலும் சுற்றலாம். மூன்று விஷயம் கவனம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தால் சாக்ஸுக்குக் கண்ணாடிபோல் வழுக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வளவு முற்றத்தில் மழை தெறித்த ஓரத்தில் கால் வைக்காதீர்கள். கட்டுக்குக் கட்டு நிலைப்படி உயரம், அதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையட்டும்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெளிநாட்டிலிருந்தோ ஏசி அறை வேலையிலிருந்தோ ஊருக்கு வந்த மறுநாளே வெயிலில் பயிற்சி தொடங்குவது ஆபத்து. கிளம்பும் முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் போதும்; ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்கு வேறு எந்தப் பானமும் தேவையில்லை. முடித்து வந்ததும் நீர்மோரோ நீராகாரமோ தாராளமாகக் குடிக்கலாம், மருத்துவர் தண்ணீரையும் உப்பையும் அளந்து கொடுத்திருப்பவர்களைத் தவிர.

விசேஷ வீட்டுச் சாப்பாடு, அதாவது வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கந்தரப்பம் எல்லாம் ஆன பிறகு வேக நடை வேண்டாம். இரண்டு மணி நேரம் போகட்டும். அதற்காகச் சாப்பிட்டதும் படுத்துவிட வேண்டும் என்பதில்லை: சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் மெல்ல உலாவுவது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும்.

முதல் நாள்

மொத்தமே 10 நிமிடம். முதல் 3 நிமிடம் கடைக்குப் போகிற வேகம். அடுத்த 4 நிமிடம் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். கடைசி 3 நிமிடம் மறுபடி மெதுவாக.

வேகம் சரிதானா என்று பார்க்கப் பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் வருகிறவர் "என்னங்க ஆச்சி, இம்புட்டு வேகமாப் போறீக?" என்று கேட்டால், நிற்காமல் ஒரு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். பாடச் சொன்னால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம்.

குதிகால் முதலில் ஊன்றட்டும், அடி சின்னதாக இருக்கட்டும். வேகம் வேண்டுமானால் அடியை நீட்டாமல் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நீட்டி எட்டு வைத்தால் முழங்கால்தான் அந்த அடியை வாங்கும். உடம்பு சூடாகாத நேரத்தில் தசையை இழுத்துப் பிடித்து நிற்கும் நீட்டல்கள் வேண்டாம். அவை நடை முடிந்த பின்: சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் நீட்டல், ஒரு பக்கத்துக்கு 30 வினாடி, இரண்டு முறை.

பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு 5 நாள். முதல் இரண்டு வாரம் நாளுக்கு 10 நிமிடம். மூன்றாவது வாரம் 12, நான்காவது 15. ஐந்தாவது வாரமும் 15தான், கூட்ட வேண்டாம். மூச்சுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி இப்போதுதான் அதிகம், வலியும் இப்போதுதான் தலைகாட்டும். ஆறாவது வாரம் 18, ஏழாவது 20, எட்டாவது 23. ஒன்பதாவது வாரம் 20க்கு இறங்குங்கள். பத்தாவது 25, பதினோராவது 28, பன்னிரண்டாவது 30. வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிட்டது. பெரியவர்களுக்கு மிதமான பயிற்சி வாரம் 150 முதல் 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவின் தொடக்கம் அது.

நேரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடக்கூடாது. மேடு ஏறுவதும் வேகத்தைக் கூட்டியதாகவே கணக்கு. குன்றக்குடி மலைப்படி ஏறும் நாளில் வேறு நடை வேண்டாம்; இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மறுநாள் தொடையில் வரும் வலி இறங்கியதால் வருவது.

மூன்றாவது வாரத்திலிருந்து பலப் பயிற்சி, வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. நாற்காலியில் எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தண்டால், தூணைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முறை, ஒரு சுற்று. இரண்டு வாரம் கழித்து 10 முறை, இரண்டு சுற்று. கீழே இறங்க 3 வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் பிபி சட்டென்று எகிறும். சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு அது கண்ணுக்கே ஆபத்து. எழும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசியும் பெண்கள் பலர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். இடுப்பு அடித்தளத் தசைக்கென்று தனிப் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

எந்த வலிக்கு நடக்கலாம், எதற்கு நிறுத்த வேண்டும்

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடையிலும் கெண்டையிலும் இரு பக்கமும் பரவலாக வலித்தால் அது தசை வலி. மூன்று நாளில் போய்விடும், மெதுவாக நடக்கலாம். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, மூட்டு வீக்கம், நொண்டவைக்கும் வலி ஆகியவை வேறு. அவை வந்தால் நிறுத்துங்கள். நடந்தபோது வந்த வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கவில்லை என்றால் அளவு அதிகமாகிவிட்டது; இரண்டு வாரம் முந்தைய நிமிடக் கணக்குக்குத் திரும்புங்கள். காலை முதல் அடியில் குத்தும் குதிகால் வலிக்கு, கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து 10 வினாடி பிடித்து, 10 முறை செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வேர்வை, திடீர் மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதியும் குமட்டலுமாகவும் மாரடைப்பு வரலாம். வெயிலில் நடந்தவர் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு.

தையில் பழநிக்கு நடக்கிறவர்கள்

தைப்பூசத்துக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் மார்கழியில் பயிற்சி தொடங்கினால் போதாது. ஆவணி தொடக்கத்திலேயே மேலே சொன்ன 12 வாரத்தை ஆரம்பித்தால் ஐப்பசிக் கடைசியில் முடியும். அதன்பின் வாரத்தில் ஒரே ஒரு நீண்ட நடை சேருங்கள்: 45 நிமிடம், 60, 75, மறுவாரம் 60, பிறகு 90, 120. மார்கழியில் இரண்டு வாரமாவது அடுத்தடுத்த இரு நாட்கள் நீண்ட நடை நடந்து பாருங்கள்; அசந்த காலோடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் யாத்திரையில் உண்மையான சோதனை. எந்தப் பை, எந்தச் செருப்போடு போகப் போகிறீர்களோ அதே பை, அதே செருப்பு. புதுச் செருப்பு யாத்திரைக்கு ஆகாது. வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருந்தால் காலை நேரத்தில் வழவழப்பான தரையில் 5 நிமிடம் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது கூடவே கூடாது.

கொப்புளம் வந்தால் கிழிக்காமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். தோல் சிவந்து எரியும்போதே ஒட்டினால் கொப்புளமே வராது. கிளம்புவதற்கு முந்தைய பத்து நாளில் நடையைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

இடையில் விட்டுப்போனால்

காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடாது. விட்டபின் இரண்டு நாளாவது ஓய்வு. டெங்கு, சிக்குன்குனியா வந்திருந்தால் மருத்துவரைக் கேட்டு. ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்துக்கு ஒரு வாரம் முந்தைய கணக்கிலிருந்து, மூன்று வாரம் விட்டுப்போனால் பாதி நிமிடத்திலிருந்து, இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் மறுபடி 10 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.